பதினெட்டாம் தேதிக் கையெழுத்து

மாதத்தில் பத்தாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை என் சட்டைப் பையில் மூன்று பட்டன் போன்கள் இருக்கும். என் மனைவி சுப்புலக்ஷ்மி அதைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் ரெண்டு வாங்கி மாலையாக் கட்டிக் கழுத்துல போட்டுக்கோங்கோ" என்பாள். அவள் கேலி செய்துவிட்டுப் போகட்டும். தாராவியின் முப்பத்தோரு சின்னத் தொழில்கள் அந்த மூன்று போன்களில்தான் குடியிருந்தன. பெல்ட் வெட்டுகிறவர், முறுக்குப் பிழிகிறவர், பை தைக்கிறவர் என்று யாருக்கு ஜிஎஸ்டி எண் வாங்கிக் கொடுத்தாலும் அவர் போன் நம்பரைப் போடாமல் என் நம்பரையே போட்டுவிடுவேன். ஓடிபி வந்தால் நான் யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். அவர்களும் மெஷினை நிறுத்திவிட்டு எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டாம். இந்த வேலை செய்கிற எங்களைப் போன்றவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறோம். அரசாங்கம் அவர்களுக்குச் சொல்கிற சேதியெல்லாம் என் சட்டைப் பையோடு நின்றுவிடும் என்பதை அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். யோசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

நான் வேங்கடசுப்ரமணியன். செம்பூரில் ஒரு மருந்து கம்பெனியின் கணக்குப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். வீடு திலக் நகர். பென்ஷன் கிடையாது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சுப்புலக்ஷ்மிக்கும் எனக்கும் ஆகாது. அதனால் இந்த வேலை.

தாராவியில் என் ஆபீஸ் என்று சொல்ல வேண்டுமானால் அது பை தைக்கிற மிக்கேல்ராஜின் கோலிதான்; பம்பாயில் அறையை அப்படித்தான் சொல்வார்கள். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில், இரும்பு ஏணி வைத்த மாடி அறை. மூன்று தையல் மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரோரம் ரெக்சின் சுருள்கள், மாதா படம், அதன் கீழே எப்போதும் எரிகிற சிவப்புச் சின்ன பல்பு. கீழே குடித்தனம். பள்ளிக்கூடப் பை தைக்கிற தொழில் என்பதால் மார்ச் முதல் ஜூன் வரை அங்கே பேச்சுக்கூடக் கேட்காது, மெஷின் சத்தம்தான். மழை பிடித்துப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் தந்தா, அதாவது தொழில், படுத்துவிடும். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை பல மாதம் ஒரு பை கூடப் போகாது. மிக்கேல்ராஜ் அப்போது பழைய பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருப்பார்.

முந்தின மாதக் கணக்கைக் கொடுக்க இருபதாம் தேதி கடைசி நாள் என்பதால், ஒவ்வொரு மாதமும் பதினெட்டாம் தேதி காலை நான் அங்கே போவேன். போனதும் அவர் எழுந்து மேஜை விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பார். அவர் மனைவி ஏஞ்சலம்மாள் அன்றைக்கு வீட்டில் மீன் சமைக்க மாட்டாள். எனக்காகவே வாங்கி வைத்திருந்த ஒரு தனிப் பானையில் கூட்டாஞ்சோறு பொங்குவாள். முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் வாழைக்காயும் தேங்காய் அரைத்து விட்டதுமாக அது வெந்து இறங்கும்போது ஏணி வரை மணக்கும். பொரித்த வடகத்தை ஒரு பேப்பரில் போட்டு மேலே கொண்டுவருவாள்.

"அய்யர் வீட்டுப் பக்குவம் எனக்கு வராது சார். எங்க ஊர்ப் பக்குவந்தான். மொகம் சுளிக்காம சாப்பிடணும்."

"சுளிச்சிருந்தா இத்தனை வருஷமா வருவேனா அம்மா?"

சாப்பாட்டுக்கு முன்னால் கையெழுத்து. நான் வீட்டிலேயே அச்சடித்துக் கொண்டுபோகிற இரண்டு பக்கத் தாள் அது. மேலே அவருடைய எண், நடுவில் கட்டம் கட்டமாக முந்தின மாத விற்பனை, கொள்முதல், கீழே 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்று ஒரு வரி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். மிக்கேல்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதி அழுத்துவார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

அந்தத் தாளை எந்த அரசாங்கமும் கேட்கவில்லை. முதலில் என் பாதுகாப்புக்கென்று நானே உண்டாக்கியது. எல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது, கையெழுத்துக்கு இடமே கிடையாது. போதாக்குறைக்குக் கொரோனா வருஷத்து ஜூனில் இன்னொரு சலுகையும் வந்தது. வியாபாரம் இல்லாத மாதத்துக்கு ஒன்றுமே வேண்டாம், பதிவு செய்த போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அடித்தால் போதும். 'நில்' என்று அடித்து, எண்ணையும் மாதத்தையும் அடித்தால் ஒரு ரகசிய எண் வரும். அதைத் திருப்பி அடித்தால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

படித்த அன்றைக்கே எனக்குப் பகீரென்றது. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள், யார் விசிறியைத் திருப்புவார்கள். அதனால் எஸ்எம்எஸ்ஸை வீட்டில் சாயங்காலம் அடித்தேன். காலையில் தாளைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். அரசாங்கம் கேட்காத காகிதத்தை நான் விடாமல் நடத்திக்கொண்டிருந்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன அக்டோபர் பதினேழாம் தேதி மாட்டுங்காவில் என் சிநேகிதனுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், மிக்கேல்ராஜின் போன் வந்தது.

"சார், ஊர்லருந்து ஸ்டெர்லின் பேசுனான். அண்ணன் மவன். அண்ணனுக்கு ரொம்ப முடியலயாம் சார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில சேத்துருக்காவளாம். மத்தியானக் காடிக்கே கெளம்பிருவமான்னு பாக்கேன். நாளைக்கு கையெழுத்து இருக்கில்லா, அதான் கேக்கேன். இன்னைக்கே போட்டுட்டுப் போயிரட்டா? நீங்க எங்க இருக்கியன்னு சொன்னா நான் அங்கன வாறேன்."

அண்ணன் என்றால் சூசைமாணிக்கம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினான்கு வயசு மிக்கேல்ராஜைப் பம்பாய்க்குக் கூட்டி வந்து, மெஷினில் உட்காரவைத்து, கல்யாணமும் செய்துவைத்து, கோலியையும் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனவர். தகப்பன் ஸ்தானம். எனக்கு அதெல்லாம் தெரியும்.

"நான் ஒரு விசேஷத்துல இருக்கேன் மிக்கேல். பேப்பர் ஆத்துல இருக்கு. நாளைக்குக் காலம்பற ஒம்பது மணிக்கு டாண்ணு வந்துடறேன். போட்டுட்டு நாளை மத்தியான வண்டியில கெளம்புங்கோ. ஒரு நாள்தானே."

"கையெழுத்து இல்லாமப் போனா என்ன சார் ஆவும்?"

"நம்பரையே கேன்சல் பண்ணிடுவா. அப்புறம் திரும்ப வாங்கறது பெரும்பாடு."

"அப்படியா." பின்னால் ஏஞ்சலம்மாள் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. "சரி சார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

இலையில் பால் பாயசம் விட்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டு அதைக் குடித்தேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, போய்த் தொலைய மாட்டேன் என்கிறது.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். அக்டோபர் வெயில் ஏணிக் கம்பியைத் தொடவிடவில்லை. மிக்கேல்ராஜ் சட்டை பேன்ட் போட்டுத் தயாராக நின்றிருந்தார். பக்கத்தில் பை, பைக்கு மேல் புளிச்சோற்றுப் பொட்டலம். நின்றபடியே இரண்டு கையெழுத்தும் போட்டார். ஸ்டாம்ப் மை காய்ந்து போயிருந்தது. மை பாட்டிலைத் தேடியதில் பத்து நிமிஷம் போனது. "பரவாயில்லை, ஸ்டாம்ப் வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. செப்டம்பரில் ஒரு பை கூட விற்கவில்லை. விற்பனைக் கட்டத்தில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குத்தான் அவர் ஸ்டாம்ப் தேடினார்.

மத்தியான வண்டியில் போனார். அன்று சாயங்காலம் சூசைமாணிக்கம் இறந்துவிட்டார். தம்பி அப்போது ரயிலில் இருந்தார். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அடக்கம். இவர் ஊரில் இறங்கியது இருபதாம் தேதி காலை. முந்தின நாளே ஏறியிருந்தால் பத்தொன்பதாம் தேதி காலையில் போய் முகத்தைப் பார்த்திருப்பார்.

இதெல்லாம் எனக்கு நவம்பர் பதினெட்டாம் தேதிதான் தெரிந்தது. அன்று ஏணியேறிப் போனபோது மெஷின்களின் மேல் துணி மூடியிருந்தது. மிக்கேல்ராஜ் ரெக்சின் சுருளில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் என்னைக் கண்டதும் எழுந்து விசிறியைத் திருப்பினார். முகம் பாதியாகியிருந்தது.

ஏஞ்சலம்மாள்தான் சொன்னாள்.

"ஊர்ல இருந்து வந்த நாள்லருந்து இப்படித்தான் இருக்காவ சார். மெஷினத் தொடல. ஜூனுக்குப் பை மால் தைக்கணும்னா இப்பவே ரெக்சின் எடுக்கணும், ரெக்சின் கடைச் சேட் ரெண்டு மட்டம் போன் பண்ணிட்டாரு. எடுக்க மாட்டேங்காவ."

"அண்ணா போன துக்கம் இருக்குமே அம்மா. நாளாகும்."

"துக்கம் மட்டும்னா ஆறிரும் சார். அங்க போன எடத்துல ஸ்டெர்லின் நாக்கப் புடுங்குத மாதிரி கேட்டுட்டான். 'எங்க அப்பா மிக்கேல் வந்துட்டானா, மிக்கேல் வந்துட்டானான்னு கேட்டு கேட்டுச் செத்தாவ. ஒமக்கு தந்தாதான பெருசு'ன்னு. மதினி மொகத்தத் திருப்பிக்கிட்டாவளாம். ஒரு வாய் தண்ணி குடிக்கச் சொல்லல. பெட்டிய மூடுததுக்கு அஞ்சு மணி வரைக்கும் இவியளுக்காவத்தான் பாத்துருக்காவ. அதுக்கு மேல சாமியார் நிக்க மாட்டேன்னுட்டாரு. இப்ப போன் போட்டா எடுக்க மாட்டேங்கான். அந்த வீடு இல்லன்னா எங்களுக்கு ஊரே இல்ல சார்."

தாளைப் பையிலிருந்து எடுக்காமல் இருந்தேன்.

"அதான் உங்களுக்காவக் காத்துக் கெடந்தேன்" என்றாள் ஏஞ்சலம்மாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லணும் சார். கவர்மெண்டு கையெழுத்துக்குத்தான் ஒரு நாள் நின்னாரு, வேற ஒண்ணுக்கும் இல்லன்னு நீங்க சொல்லுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டான். படிச்சவிய நீங்க சொன்னா நம்புவான். ஸ்வீட்டி நம்பர்னா எடுப்பான்."

மகள் ஸ்வீட்டி குர்லாவில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். இதற்காகவே அன்று லீவு போட்டிருந்தாள். நான் பதில் சொல்வதற்கு முன்பே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். மிக்கேல்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் வேங்கடசுப்ரமணியன் பேசறேன். உங்க சித்தப்பாவோட கணக்கெல்லாம் நான்தான் பார்க்கறேன்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அவர் கெளம்பறேன்னுதான் சொன்னார். நான்தான் இருக்கச் சொன்னேன்."

இதுவரைக்கும் உண்மை. இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"என்னத்துக்கு?" என்றான் ஸ்டெர்லின்.

ஏஞ்சலம்மாள் என் வாயையே பார்த்தாள்.

"கவர்மெண்டு சட்டம் அது. கையெழுத்து நேர்ல போட்டாகணும். போடலைன்னா தொழில் நம்பரே போயிடும். அவர் மேல தப்பில்லை."

அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்டெர்லின், "கவர்மெண்டு காரியமாக்கும். எங்களுக்கு யாரு சார் இதச் சொன்னா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "சித்தப்பாட்ட குடுங்க."

மிக்கேல்ராஜ் போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மூலைக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது. ஏஞ்சலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஏணியில் இறங்கிப் போனாள். அன்று எனக்கு வழக்கத்தை விட ஒரு கரண்டி அதிகமாகவே சோறு வைத்தாள். சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

கையெழுத்து முடிந்தபின் ஸ்வீட்டி அந்தத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், ஏ பேப்பர் ஜாத்தா கஹாங் ஹை? இது எங்க போவுது? எங்க ஆபீஸ்ல எல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சிருது."

"இது ஃபைலுக்கும்மா."

"கிஸ்கா ஃபைல்? யாரோட ஃபைல்?"

"ஏளா, சாருக்குத் தெரியாதா? நீ சும்மா இரி" என்றார் மிக்கேல்ராஜ். ஒரு மாதத்துக்கு அப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்களாம்.

வீட்டுக்கு வந்து சுப்புலக்ஷ்மியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "அந்த மனுஷனோட சாதத்தைச் சாப்பிட்டுட்டு வந்தேளா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் அந்த மூன்று போன்களையும் அவள் கேலி செய்யவில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி தாராவிச் சந்துகளில் கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள் தொங்கின. மிக்கேல்ராஜ் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை, துக்க வருஷம். ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பைகள் அடுக்கடுக்காக இருந்தன. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பொய்யாக இருந்தாலும் நல்லதுதானே நடந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நாளைக்கு ஊருக்குக் கெளம்புதோம் சார், மூணு பேரும்" என்றார். "அண்ணன் இல்லாத மொதக் கிறிஸ்மஸ். மதினியே கூப்பிட்டு வரச் சொன்னாவ."

"ரொம்ப சந்தோஷம் மிக்கேல்."

"முந்தாநாளு பதினாறாந் தேதி அண்ணன் பொறந்த நாளு. கல்லறை கட்டி முடிச்சு அன்னைக்குத்தான் மந்திரிச்சாவ. ஸ்டெர்லின் அதுக்கு முன்னாலயே வந்துருங்கன்னான். பதிமூணாந் தேதிக்குச் சீட்டும் கெடச்சுது. நான்தான் கையெழுத்து முடியட்டும்னு பத்தொம்பதுக்கு மாத்திட்டேன்." பாபின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இந்தத் தடவ அவன் ஒண்ணும் சொல்லல சார். 'கவர்மெண்டு காரியத்த முடிச்சிட்டு வாங்க சித்தப்பா'ன்னுட்டான். எல்லாம் நீங்க எடுத்துச் சொன்னதுதான்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அண்ணனின் முகத்தைத்தான் பார்க்கவிடாமல் செய்தேன் என்றால், இப்போது கல்லறைப் பூசைக்கும் போகவிடவில்லை. இனிமேல் வருகிற ஒவ்வொரு நல்லதுக்கும் கெட்டதுக்கும் இந்த மனிதர் பதினெட்டாம் தேதியைப் பார்த்துத்தான் ரயில் ஏறுவார்.

"நவம்பர்ல ஏதாவது வித்துதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார்."

பட்டன் போன் ஒன்றை எடுத்தேன். அவர் பார்க்கும்படி மேஜைமேல் வைத்து அடித்தேன். இரண்டு முறை தப்பாகி, மூன்றாம் முறை போனது. ரகசிய எண் வந்தது. அதைத் திருப்பி அடித்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது.

"முடிஞ்சுடுத்து."

"என்னது சார்?"

"இந்த மாசத்துக் கணக்கு. இவ்வளவுதான்."

"கையெழுத்து?"

"வேண்டாம்."

அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "புதுசா மாத்திட்டாவளா சார்? நல்லதாப் போச்சு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரே எனக்கு வழியைத் திறந்து வைத்திருந்தார்.

"இல்லை மிக்கேல். நாலரை வருஷமா இப்படித்தான். அந்தப் பேப்பர் நான் அடிக்கறது. கவர்மெண்டு எப்பவும் கேக்கலை."

மெஷின் சக்கரத்தின் மேல் அவர் கை இருந்தது. அது மெல்ல ஒரு சுற்று சுற்றி நின்றது.

"அப்ப அன்னைக்கி?"

"அன்னிக்கும் வேண்டாம்தான்."

கீழே குக்கர் விசில் அடித்தது. சந்தில் யாரோ தண்ணீர்க் குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். அவர் என்னைத் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்கு சார்?" என்று கேட்டார். கோபமே இல்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"ஒரு எஸ்எம்எஸ்தான்னு தெரிஞ்சா, அப்புறம் நான் எதுக்குன்னு கேட்டுடுவேளோன்னு பயம்."

"நாங்க கேட்டுருக்க மாட்டோமே சார்."

ஏணி சத்தம் போட்டது. ஏஞ்சலம்மாள் வடகப் பொட்டலத்தோடு தலையை நீட்டினாள். "கையெழுத்து ஆச்சா? சோறு எடுத்து வைக்கட்டா?"

மிக்கேல்ராஜ் என் பைக்குள் கையை விட்டு அந்தத் தாளை அவரே எடுத்தார். மேஜைமேல் விரித்தார். பென்சில் குறி போட்ட இடத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்பை ஊதினார், அழுத்தினார்.

"ஆச்சு. எடுத்து வையி" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் சந்து முனை வரை என்னோடு வந்தார். அதுவரை அவர் அப்படி வந்ததில்லை. ஒரு நட்சத்திரத்தின் அடியில் நின்று, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவகிட்டச் சொல்லாண்டாம் சார். ஸ்வீட்டிக்கும் தெரியாண்டாம். ஊர்ல இப்பத்தான் அந்தப் பய சித்தப்பான்னு கூப்பிடுதான். ஒண்ணுமில்லாத பேப்பருக்குத்தான் அண்ணன் மொகத்த விட்டேன்னு தெரிஞ்சா, பொறவு நான் அந்த வீட்டு நடைல கால் வைக்க முடியாது."

"நான் வேணும்னா ஸ்டெர்லின்கிட்ட உண்மையைச் சொல்லி, தப்பு என்னுதுன்னு..."

"வேண்டாம் சார். சொல்லிட்டா உங்களுக்குப் பாரம் எறங்கிரும். எனக்கு?" தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஜனவரி பதினெட்டுக்கும் வாங்க. பேப்பரோட வாங்க. அவ கேப்பா."

அந்த வாரமே மற்ற முப்பது பேரிடமும் விஷயத்தைச் சொல்லி, அவரவர் போன் நம்பரையே மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். பாதிப் பேர் என்னை விட்டுப் போனார்கள். போகட்டும். இப்போது ஒரு பட்டன் போன்தான் சட்டைப் பையில் இருக்கிறது. தாராவி முழுக்கப் பேப்பர் நின்றுபோன சேதி ஏஞ்சலம்மாள் காதுக்கும் போயிருக்கிறது. 'பை தைக்கிறவங்களுக்கு மட்டும் வேற சட்டம்' என்று மிக்கேல்ராஜே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஜனவரியில் போனேன். விசிறியைத் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டார். பணம் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். "அவ பாத்துக்கிட்டு நிக்கா. வாங்கிக்கிடுங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். கூட்டாஞ்சோறும் சாப்பிட்டேன்.

நாளைக்குப் பிப்ரவரி பதினெட்டு. பிரிண்டரில் இரண்டு பக்கமும் வந்துவிட்டன. சுப்புலக்ஷ்மி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் பென்சிலை எடுத்து, மிக்கேல்ராஜ் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பெருக்கல் குறி போட்டு வைத்தேன்.